ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் தெளித்தும் பாம்புத் தொட்டி ஏன் காய்கிறது?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் மூன்றாவது மாடியில் இரண்டு வயது பால் பைத்தான் (ball python) பாம்பு ஒன்றை வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, வலையின் மேல் நூறு வாட் விளக்கு, தரையில் செய்தித்தாள். ஈரப்பதமானி 35 காட்டுகிறது. நாளுக்கு நான்கு முறை தண்ணீர் தெளிக்கிறீர்கள். தெளித்ததும் 70 வரை ஏறி, அரை மணி நேரத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது. போன மாதம் சட்டை துண்டு துண்டாகக் கழன்றது, இப்போது வயிறு சிவந்திருக்கிறது. “சரியாக எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்?” என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். சதவீதத்தை நீங்கள் ஏற்கெனவே பத்து இடங்களில் படித்திருப்பீர்கள். ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது, அதை ஊற்றுவதால் பாம்புக்கு நல்லதா கெட்டதா என்பதே உங்கள் தலைவலி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் கால்நடை மருத்துவர் அல்ல. பீன்யாவில் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடம் ஒன்றில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்; வெப்பமானியும் ஈரப்பதமானியும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அல்சூர் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகப் பால் பைத்தான் வளர்க்கிறேன், இப்போது இரண்டு இருக்கின்றன. அதற்கெல்லாம் முன்பே, ஓசூர் பக்கம் பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவன். புழு வளர்ப்பு மனையின் சுவரில் இரட்டை வெப்பமானி ஒன்று தொங்கும். ஒரு குமிழ் உலர்ந்திருக்கும், மற்றொன்றில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து அப்பா “இன்றைக்குக் காற்று காய்கிறது” என்பார். ஈரம் என்பது ஊற்றுகிற பொருள் அல்ல, பிடித்து வைக்கிற பொருள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் அறையில் 27 டிகிரி வெப்பமும் 45 சதவீத ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்ச் மாதப் பெங்களூருக்கு அது இயல்பான நிலை. 27 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 26 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 45 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே காற்று தொட்டிக்குள் போய் விளக்கின் அடியில் 33 டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்த வெப்பத்தில் அதே ஒரு கன மீட்டர் 36 கிராம் வரை தாங்கும். உள்ளே இருக்கும் நீராவியில் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனாலும் 12 ஐ 36 ஆல் வகுத்துப் பாருங்கள், 33 சதவீதத்துக்கு வந்துவிட்டது. உங்கள் கருவி காட்டும் 35 எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதா? ஈரப்பதமானி காட்டுவது நீரின் அளவை அல்ல, காற்றின் தாகத்தை. விளக்கு காற்றைத் தாகப்படுத்துகிறது.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டு போகிறேன், சுவையான இடம் அதுதான். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு ஒரு கன மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதற்குள் இருக்கும் காற்று முழுவதையும் 33 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு உயர்த்த எவ்வளவு நீர் வேண்டும் தெரியுமா? இரண்டு கிராம்கூட வேண்டாம். ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. நீங்கள் நாள் முழுக்கத் தெளிப்பது அதைப் போல எத்தனையோ மடங்கு. ஆகவே தொட்டியில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, தொட்டிக்கு மேல்மூடிதான் இல்லை. வலை மூடியை மூடி என்று சொல்வதே தவறு. சூடான காற்று மேலே எழும்பி வலை வழியாக வெளியேறுகிறது, அந்த இடத்தை நிரப்ப அறைக் காற்று உள்ளே இறங்குகிறது. விறகடுப்பின் புகைபோக்கி வேலை செய்யும் அதே விதம். நீங்கள் தெளிக்கிற தண்ணீர் ஒயிட்ஃபீல்டு அறையைத்தான் நனைக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். வலை மூடியின் முக்கால் பாகத்தை அடையுங்கள். கண்ணாடிக் கடையில் அளவு சொன்னால் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்கள்; அதுவரை சமையலறை அலுமினியத் தாளை இரண்டாக மடித்துப் போட்டாலும் போதும். விளக்கின் கீழேயும் அதைச் சுற்றி நான்கு விரல் தூரத்துக்கும் எதையும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் தாள், அக்ரிலிக் எல்லாம் விளக்குப் பக்கத்தில் வளைந்து உருகும். துணி போடுவது தீயை அழைப்பது. எதிர் மூலையில் ஒரு கை அகலம் வலை திறந்தே இருக்கட்டும், காற்று நின்றுபோகக் கூடாது. அடுத்தது அந்த நூறு வாட் விளக்கு. அறையே 27 டிகிரியில் இருக்கும்போது, இவ்வளவு சிறிய தொட்டிக்கு அது அதிகம். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி இருந்தால் போதும். குறைந்த வாட் விளக்கு ஒன்றை, வெப்பத்தைக் குறித்த அளவில் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த வெப்பக் கருவியையும் பாம்புத் தொட்டியில் வைக்காதீர்கள், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலே விசிறி சுழன்றால் தொட்டியை விசிறியின் நேர்கீழிலிருந்து நகர்த்துங்கள்.

மூடியைச் சரிசெய்த பிறகே தரையைப் பற்றிப் பேச வேண்டும். செய்தித்தாள் சுத்தமானது, மலிவானது. நோயுற்ற பாம்பைத் தனியே வைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் அது தண்ணீரைத் தேக்கி வைத்து மெதுவாக விடாது. தெளித்தால் மேல்பக்கம் சொதசொதவென்று ஆகும், பாம்பு அதன் மேலேயே படுத்திருக்கும். அப்படித்தான் உங்கள் தொட்டியில் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறுகளும் சேர்ந்திருக்கின்றன. காற்று காய்கிறது, வயிறு நனைகிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

தேங்காய் நார்த்தூள் இதற்குக் கச்சிதம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிகளாக வருவதுதான். செடிக்கடைகளில் கோகோபீட் என்று கேட்டால் கொடுப்பார்கள். உரம் கலக்காததையும், உப்பு நீங்கக் கழுவியதையும் கேட்டு வாங்குங்கள். ஊற வைத்துப் பொலபொலவென்று உதிர்த்து, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒரு சொட்டு இரண்டு சொட்டு விழுந்தால் பதம் சரி. ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும். ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, முதல் நாள் மேல்பரப்பு காயும்வரை பாம்பை விடாதீர்கள். அதன் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் மேலே தெளிக்காமல் மூலையில் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். அது அடியில் இறங்கிப் பரவி, மெல்ல மெல்ல ஆவியாகும். விரலால் மேல்பரப்பைத் தொட்டால் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு கணு ஆழம் விரலை விட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும். என் வீட்டில் மார்ச் மாதத்தில் நான்கு நாளுக்கு ஒரு முறை இப்படி ஊற்றுகிறேன். உங்கள் தொட்டிக்கு எத்தனை நாள் என்பதை விரல்தான் சொல்லும்.

இதோடு ஒரு ஈரப்பொந்து. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா போதும். பக்கவாட்டில் பாம்பின் தடித்த இடம் தாராளமாக நுழையும்படி ஒரு துளை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். அந்த விளிம்பில்தான் பாம்பு உடம்பைத் தேய்க்கும், கூர்மை இருந்தால் கிழித்துவிடும். உள்ளே பிழிந்த பாசியோ ஈர நார்த்தூளோ பாதியளவு. சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவில் வையுங்கள். தொட்டியின் இரு கோடிகளிலும் காய்ந்த பொந்து ஒவ்வொன்று இருக்கட்டும். ஈரப்பொந்தை வாரம் ஒரு முறை திறந்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை இருந்தால் சரி, பழைய துணி வாசனை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தப் பாம்பின் சொந்த ஊரில் நடப்பது இதுதான். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளிலும் விளைநிலங்களிலும் வாழ்வது. அங்கே மழை இல்லாத மாதங்களில் வெளிக்காற்று நம் ஊர் மார்ச் மாதத்தைவிட மோசமாகக் காயும். ஆனால் பாம்பு பகல் முழுக்க எலி வளையிலோ கறையான் புற்றிலோ சுருண்டு கிடக்கும். மண்ணுக்குள் காற்று ஈரமாகவே இருக்கும். அதாவது அதன் வாழ்க்கையில் ஒரே சதவீதம் என்று ஒன்று கிடையாது. ஈரமான அறையும் காய்ந்த வாசலும் உண்டு, எப்போது எங்கே இருப்பது என்பதை அதுவே முடிவு செய்கிறது. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டு, தேர்ந்துகொள்ள இரண்டு இடம் கொடுங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம். ஈரப்பொந்திலேயே நாள்கணக்கில் கிடந்தால் வெளியே மிகவும் காய்கிறது என்று அர்த்தம். அதன் பக்கமே போகாமல் இருந்தால், சட்டை உரிக்கும் காலமாக இல்லாதவரை, வெளியே நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பால் என்ற பெயரைப் பார்த்துப் போன வருடம் ஒரு பெரியவர் என்னிடம், இது பால் குடிக்கும் வகையா என்று கேட்டார். பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வதால் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது. எந்தப் பாம்புக்கும் பால் உணவு அல்ல. நாக பஞ்சமிக்கு மனம் கேட்காவிட்டால் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வையுங்கள், அதுவே பெரிய புண்ணியம். கனமான, அகலமான கிண்ணமாக இருக்கட்டும். அகலம் கூடினால் ஆவியாகும் பரப்பும் கூடும். சூடான பக்கத்துக்கு அருகே நகர்த்தினால் இன்னும் சற்று ஈரம் கிடைக்கும்.

எண்ணைத் துரத்தாதீர்கள் என்று சொன்னேன், ஆனால் கருவியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். முள் சுழலும் வட்டமான மலிவு ஈரப்பதமானி எத்தனையோ எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. இருபது சதவீதம் தள்ளிக் காட்டுபவற்றையும் பார்த்திருக்கிறேன். டிஜிட்டல் கருவி மேல். அதையும் நம்புவதற்கு முன் சோதியுங்கள், அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சோடாப் பாட்டில் மூடியில் சாதாரணச் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். இட்லி மாவைவிடக் கெட்டியாக, நனைந்த மணல் போல இருக்க வேண்டும். கரைந்து நீராக ஓடக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடி, வெயில் படாத அலமாரியில் ஒரு நாள் விடுங்கள். உப்புக் குழம்பின் மேல் நிற்கும் காற்று 25 டிகிரியில் 75 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். இது இயற்பியல், மாறாது. உங்கள் கருவி 68 காட்டினால் அது ஏழு குறைத்துச் சொல்கிறது; பின்னால் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி “+7” என்று எழுதிவிடுங்கள். இந்தத் திருத்தம் 75ஐ ஒட்டிய அளவுகளுக்குத்தான் நம்பகமானது; 35 பக்கம் வரும்போது பிழை வேறு மாதிரி இருக்கலாம். கருவியை மூடியில் ஒட்டாதீர்கள், கிண்ணத்துக்கு மேலும் வைக்காதீர்கள். பாம்பின் முதுகு உயரத்தில், குளிர்ந்த பக்கம் ஒன்று, சூடான பக்கம் ஒன்று என இரண்டு வையுங்கள். ஒரே தொட்டியில் 40உம் 65உம் காட்டினால் பதற வேண்டாம், மேலே சொன்ன கணக்குப்படி அப்படித்தான் காட்ட வேண்டும்.

எத்தனை சதவீதம் என்ற கேள்வியைத் தட்டிக் கழித்துவிட்டதாக நினைக்காதீர்கள். பழைய வளர்ப்புக் குறிப்புகள் பால் பைத்தானுக்கு 50 முதல் 60 என்று சொல்லின. இப்போது வளர்ப்பவர்களில் பலர் 60 முதல் 80 வரை வைக்கிறார்கள். இரு தரப்பிலும் நன்றாக வளரும் பாம்புகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதில் அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. நான் வைப்பது குளிர்ந்த பக்கத்தில் 60 முதல் 65, சட்டை உரிக்கும் காலத்தில் 70 வரை. பல வாரங்கள் 40க்குக் கீழே கிடந்தால் சட்டை சரியாகக் கழலாது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. உங்கள் நண்பர் ஒருவர் சோளப் பாம்பு வளர்ப்பதாகவும் அவருக்கு 45இலேயே எல்லாம் சரியாக நடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது வட அமெரிக்கப் பாம்பு, 40 முதல் 60 அதற்குப் போதும். அவருடைய எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

அதிகமானாலும் ஆபத்து என்பதற்கு என் கதையே சாட்சி. முதல் வருடம் நானும் உங்களைப் போலத்தான், 38ஐப் பார்த்துப் பயந்து, சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் குளிர்ந்த பக்கத்து வலை முழுவதையும் ஒட்டி மூடினேன். மார்ச், ஏப்ரலில் அருமையாக இருந்தது. ஜூன் வந்தது, மழை வந்தது, அறையே 80க்குப் போனது. தாளை எடுக்க மறந்தேன். காலையில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து வழியும், “ஆஹா, காடு மாதிரி இருக்கிறது” என்று ரசித்தேன். மூன்றாவது வாரம் பாம்பைத் தூக்கியபோது கையில் வழுவழுப்பாக ஏதோ ஒட்டியது. திருப்பிப் பார்த்தால், வயிற்றுச் செதில்களில் நான்கின் விளிம்பு தேநீர்க் கறை போலப் பழுப்பாகி, ஒன்றில் மட்டும் அரிசி அளவு கொப்புளம். நார்த்தூளைக் கிளறினால் அடியில் வெள்ளைப் பூசணம். மருத்துவரிடம் ஓடினேன். ஆறு வாரம் காய்ந்த செய்தித்தாளில் வைத்து, தினம் மருந்து போட்டு, இரண்டு முறை சட்டை உரித்த பிறகுதான் வயிறு பழையபடி ஆனது. பட்டுப்புழு வீட்டில் பிறந்தவனுக்கு இது வெட்கக்கேடு. இளம்புழுத் தட்டுகளைச் சுற்றி நனைத்த ஸ்பாஞ்சுப் பட்டை வைத்து மெழுகுத்தாளால் மூடுவோம், ஆனால் நாள்தோறும் தழை போடுவதற்கு முன் தாளை எடுத்துக் காற்றாட விடுவோம். மூடுவது பாதி வேலை, திறப்பது பாதி வேலை. வேடிக்கை என்னவென்றால் புழு தோலுரிக்கும்போது ஈரத்தைக் குறைப்போம். பாம்பு உரிக்கும்போது கூட்டுகிறோம்.

உங்கள் பாம்பின் வயிற்றுக்கு வருவோம். நீங்கள் போட்ட படம் மங்கலாக இருக்கிறது, அதை வைத்து நோய் என்றோ இல்லை என்றோ சொன்னால் அது பொறுப்பின்மை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். சட்டை உரிப்பதற்கு முன் பால் பைத்தானின் வயிறு இளஞ்சிவப்பாவது இயல்பு. அது வயிறு முழுக்கச் சீராகப் பரவியிருக்கும். உடம்பு நிறம் மங்கும், பிறகு கண் பால் படிந்தது போல வெளுக்கும், சில நாளில் கண் மறுபடி தெளியும், அதன் பின் சில நாளில் உரிக்கும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் ஒரு திரவம் சுரப்பதால் வரும் மாற்றம் இது. மொத்தத்தில் ஒன்றிரண்டு வாரச் சங்கதி. அதற்கு மாறாக, சில செதில்களில் மட்டும் சிவப்போ பழுப்போ இருந்தால், விளிம்பு தூக்கியிருந்தால், கொப்புளம், கசிவு, கெட்ட வாசனை இருந்தால், அது செதில் அழுகல். அதற்குத் தொட்டியை மாற்றுவது மட்டும் போதாது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் போய்ப் பயனில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் நீங்களாகப் பூச வேண்டாம்.

போன மாதம் ஒட்டிக்கொண்ட தோல் இன்னும் எங்காவது இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். இரண்டு இடம் முக்கியம். ஒன்று வால் நுனி. அங்கே பழைய தோல் மோதிரம் போலச் சுற்றி இறுகினால் ரத்தம் ஓடாமல் நுனி கருகி விழும். இன்னொன்று கண். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் ஒளிபுகும் செதில் ஒன்று கண்ணாடி போல மூடியிருக்கும், சட்டையோடு அதுவும் கழல வேண்டும். கழலாமல் நின்றால் கண் மட்டும் சுருங்கியது போலவோ மங்கலாகவோ தெரியும். உடம்பில் ஒட்டிய தோலுக்கு எளிய வைத்தியம் இதுதான். காற்றுத் துளையிட்ட டப்பாவில், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை விரித்து, பாம்பை அரை மணி நேரம் விடுங்கள். நீர் 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம், உங்கள் மணிக்கட்டுக்குச் சூடு தெரியவே கூடாது. பக்கத்திலேயே இருங்கள். துண்டின் மடிப்புகளுக்குள் நுழைந்து நுழைந்து பாம்பே பெரும்பாலும் உரித்துக்கொள்ளும். பிறகு மிச்சம் இருந்தால் ஈரத் துணியைக் கையில் வைத்து, தலையிலிருந்து வாலுக்கு அது தானாக நழுவிப் போகும்படி தளர்வாகப் பிடியுங்கள். நகத்தால் பிய்ப்பது, ஒட்டும் டேப் வைத்து இழுப்பது, இரண்டும் வேண்டாம். கண்ணை மட்டும் தொடவே தொடாதீர்கள். அடுத்த முறை உரிக்கும்போது பெரும்பாலும் இரண்டு அடுக்கும் சேர்ந்து கழன்றுவிடும். இரண்டு முறையும் கழலாவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும்.

சட்டை துண்டாகக் கழல்வதற்கு ஈரக் குறைவு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் நிலையில் அதுவே முதல் சந்தேகம், அவ்வளவுதான். உண்ணிப் பூச்சி இருந்தாலும், தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றினாலும், மெலிந்திருந்தாலும், பழைய காயத் தழும்பு இருந்தாலும் அப்படி ஆகும். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் உண்ணியாக இருக்கலாம். அதேபோல மூச்சு. உரிக்கும் காலத்தில் மூக்கில் தளர்ந்த தோலால் லேசான விசில் சத்தம் வரலாம், உரித்ததும் நின்றுவிடும். வாயோரம் நுரை, தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து மூச்சு விடுதல், உரித்த பிறகும் நிற்காத சத்தம் இருந்தால் அன்றே கிளம்புங்கள். பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, இருமிச் சளியைத் தள்ள முடியாது, அது உள்ளேயே தங்கும். ஈரம் அதிகமானால் சளி பிடிக்கும் என்று பலர் எழுதுவார்கள். ஈரத்தோடு குளிரும் தேங்கிய காற்றும் சேரும்போதுதான் நான் பயப்படுவேன். பைத்தான்களுக்கு நிமோனியாவை உண்டாக்கும் வைரஸ் ஒன்றும் உண்டு, 2014இல் விவரிக்கப்பட்டது; அது வந்தால் ஈரப்பதமானியைச் சரிசெய்து பயனில்லை.

ஊருக்கேற்ப உத்தியும் மாறும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் கடினம்; மே மாத மழைக்குப் பிறகு மூடியை மெல்லத் திறந்துகொண்டே வர வேண்டும். டிசம்பர் இரவில் அறை குளிர்ந்தால் எண் தானாக 80ஐத் தொடும், அப்போது கவலைப்பட வேண்டியது எண்ணைப் பற்றி அல்ல, வெப்பத்தைப் பற்றி. மும்பையில் மாட்டுங்கா பக்கம் இருக்கும் என் மச்சானுக்கு ஜூலை முழுக்க எதிர்ப்பிரச்சினை: நார்த்தூளைக் குறைத்து, வலையை முழுக்கத் திறந்து, தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறிதாக்கியும் 80இல் நிற்கும். டெல்லியில் மே மாத அனல்காற்றுக்கு வலைமூடித் தொட்டியே சரிப்படாது, முன்பக்கம் திறக்கும் மூடிய பெட்டிதான் வேண்டும். புகை போல நீர்த்துளி விடும் மின்கருவியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். உங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் என்றால் அதன் உப்பு வெள்ளைப் பொடியாகக் கண்ணாடியிலும் பாம்பின் மேலும் படியும். கருவியைத் தினம் கழுவாவிட்டால் கிருமியையும் சேர்த்து ஊதும். மூடியை அடைத்த பிறகு அது தேவைப்படாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) இருப்பது. 2024 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசின் விதிகளின்படி இதை வைத்திருப்பவர்கள் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் இருந்தால் இப்போதே பாருங்கள். நம் நாட்டு மலைப்பாம்பையோ சாரையையோ ஆசைக்குப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு ஈரப்பதம் கேட்டு யாராவது எழுதினால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

இன்று இரவு மூடியை அடையுங்கள், தெளிப்பதை நிறுத்துங்கள், வயிற்றையும் வால் நுனியையும் பாருங்கள். வயிறு சந்தேகமாக இருந்தால் நார்த்தூள் வேண்டாம். காய்ந்த தாளும், மருத்துவர் பார்க்கும்வரை ஒரு அகலமான தண்ணீர்க் கிண்ணமும் போதும். வயிறு நன்றாக இருந்தால் இந்த வார இறுதியில் நார்த்தூளுக்கு மாறுங்கள். ஐந்து நாள் கழித்து, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரண்டு கருவிகளும் காட்டும் எண்களை, வெப்பத்தோடு சேர்த்து, இங்கேயே எழுதுங்கள். மூடியை மேலிருந்து எடுத்த படம் ஒன்றும் போடுங்கள், எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம்.